மூன்று புலியும் நான்கு புலியும்

திருகோணமலை உள்துறைமுகத்தை அடுத்த ஒரு வீட்டுத் திண்ணையில் மாலைதோறும் கரிக்கோட்டுக் கட்டம் ஒன்று புதுப்பிக்கப்படும். துறைமுகத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற முதியவர் 3 புளியங்கொட்டைகளைப் புலிகளாகவும் 15 சோகிகளை ஆடுகளாகவும் கொள்வார். பார்வை மங்கிவிட்டமையால் காய்களையும் 23 சந்திகளையும் விரலால் தடவியே அறிகிறார். எதிரே பேரன், பல்கலைக்கழக மாணவன்.

அவன் கருத்தில் நேபாளத்துப் 'பாக் சால்' ஆட்டமே முதன்மையானது. 25 சந்திகள், 4 புலிகள், 20 ஆடுகள். 5 ஆடுகள் வெட்டுண்டால் புலிக்கு வெற்றி. இருதரப்பும் பிழையின்றி ஆடின் வெற்றிதோல்வி இல்லை என்பதைக் கணினி ஆய்வும் நிறுவியுள்ளது. என்றி பாக்கர் 1909இல் இலங்கைத் தொன்மை பற்றிய தம் நூலிற் பதிந்த சிறுத்தையாட்டத்துக்கு அவன் கடைசி இடமே அளித்தான்: 2 சிறுத்தைகளுக்கு 24 மாடுகளாம், வேட்டையன்று, சந்தை!

பாட்டனாரின் ஆட்டத்துக்கு எழுதிவைத்த விதி யாதுமில்லை. அயலில் அதை அறிந்தாரும் அவரன்றி வேறிலர். ஆதலால் அவன் குறிப்பேட்டை விரித்தான்.

"அப்பப்பா, எத்தினை ஆடு வெட்டினால் புலி வெல்லும்?"

"மிச்ச ஆட்டை வைச்சுப் புலியைக் கட்டேலாதெண்டு உனக்கே விளங்குமடா. அப்ப நீயே சொல்லுவாய்."

எண்ணால் முடியும் ஆட்டத்தை எவரும் எண்ணி முடிக்கலாம். தோற்பவனின் நேர்மையால் முடிவதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டுமன்றோ? பேரன் எண்ணுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டான். கிழவரின் விரல் அதற்குள் நான்காம் ஆட்டைத் தாண்டியிருந்தது.