வகுப்பறைக்குள் வராத கடைவீதி

உயர்தர வர்த்தகப் பிரிவில் படிக்கும் எம்மிடம் எதிர்காலத்தில் என்ன படிக்கப் போகிறீர்கள் என்று கேட்டால், பலரும் எம்.பீ.ஏ. என்றே சொல்வோம். வணிக நிர்வாக முதுமாணி என்பது அதன் தமிழ்ப் பெயர். 1908ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட இப்பட்டம் இன்று நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. பேராதனையில் 1975இல் நிறுவப்பட்ட விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்திலும் அது உண்டு. கண்டி நகரில் தனியார் நிறுவனங்களும் வார இறுதி வகுப்புகளை நடத்துகின்றன. உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்துத்தான் பெற்றோர் பிள்ளைகளை அங்கே அனுப்புகிறார்கள். எனவே அப்படிப்பு எப்படி அமைந்தால் நல்லது என்று யோசிப்பது எமக்கும் உரிய விடயமே.

இந்த யோசனை எனக்கு என் தாத்தாவைப் பார்த்து வந்தது. என் மூத்த சகோதரியைத்தான் தாத்தா என்கிறேன். வங்கியொன்றில் வேலை செய்துகொண்டே இரண்டு வருடங்கள் சனி, ஞாயிறுகளில் இப்படிப்பைப் படித்தார். இரவில் அவருடைய குறிப்புகளை நானும் புரட்டிப் பார்ப்பேன். அமெரிக்க விமான நிறுவனம், ஜப்பானியக் கார்த் தொழிற்சாலை, ஐரோப்பியத் தளபாடக் கம்பனி என்று உலகமே அதில் இருந்தது. எங்கள் ஊர் மட்டும் இல்லை.

வாப்பாவுக்குக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு சப்பாத்துக் கடை. ஒருநாள் அவர் தாத்தாவிடம் சிரித்துக்கொண்டே, “மகள், கொரோனாவுக்குப் பொறகு ஸ்கூல் தொறக்கிற மாசமே மாறிப் போச்சு. எந்த மாசத்துக்குச் சப்பாத்து எடுத்து வைக்கிற எண்டு ஒங்கட புஸ்தகத்தில இருக்கா?” என்று கேட்டார். தாத்தாவிடம் உடனடி விடை இருக்கவில்லை. ஆனால் அது நல்ல முகாமைத்துவக் கேள்வி என்பது அவருக்குப் புரிந்தது.

உண்மையில், உதாரணங்களை வைத்து வணிகம் கற்பிக்கும் முறையே இப்படியான கேள்வியிலிருந்துதான் பிறந்தது. ஹார்வர்டில் 1921இல் எழுதப்பட்ட முதலாவது விடய ஆய்வு சப்பாத்துக் கம்பனியொன்றைப் பற்றியதே. தம்மைச் சுற்றியிருந்த தொழில்களில் எழுந்த சிக்கல்களை எடுத்து அவர்கள் வகுப்பில் வைத்தார்கள். நாமோ அந்த முறையை விட்டுவிட்டு, அவர்களுடைய உதாரணங்களை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டோம்.

கண்டியைச் சுற்றி உதாரணங்களுக்கா பஞ்சம்? தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பியில் துரு நோய் கண்டறியப்பட்டது. கோப்பியை நம்பியிருந்த மலையகம் அடுத்து வந்த வருடங்களில் தேயிலைக்கு மாறியது. ஒரு தொழில் அழியும்போது முதலாளி என்ன செய்தார், கடன் கொடுத்தவர் என்ன செய்தார், அந்த மாற்றத்தின் சுமையைத் தொழிலாளர் எப்படிச் சுமந்தனர் என்று ஒரு தவணை முழுக்கப் பேசலாம்.

நம் காலத்திலும் உண்டு. 2018 மார்ச் மாதத்தில் திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பகுதிகளில் கடைகள் எரிக்கப்பட்டன. எரிந்துபோன கடையின் இருப்பைக் கணக்கிடுவது எப்படி? காப்புறுதி எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது? முறிந்த நம்பிக்கையை மீண்டும் கட்டி எல்லா இன வாடிக்கையாளரையும் கடைப்படிக்கு அழைப்பது எப்படி? 2022இல் ரூபாய் சரிந்தபோது, பழைய விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் அதே பொருளை மீண்டும் வாங்க முடியாமல் நின்ற வியாபாரிகளின் அனுபவமும் பாடந்தானே.

நிதிப் பாடத்தையும் சொல்ல வேண்டும். தாத்தாவின் குறிப்புகளில் வட்டிக் கணக்குகள் நிறைய இருந்தன. வட்டியைத் தவிர்க்க விரும்பும் ஒரு வியாபாரி கூட்டு முதலீட்டை எப்படி எழுதுவது, இலாப நட்டத்தை எப்படிப் பிரிப்பது என்பது இருக்கவில்லை. நம் நாட்டில் 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு இஸ்லாமிய வங்கி முறைக்கு வழி திறந்தது. 2011இல் அமானா வங்கி இயங்கத் தொடங்கியது. அயலிலுள்ள பெண்கள் நம்பிக்கையை மட்டும் பிணையாக வைத்து நடத்தும் சீட்டும் ஒரு நிதி முறையே. இவையும் வகுப்பறைக்குள் வர வேண்டும்.

இறுதி வருடத்தில் ஒரு விரிவுரையாளர், செயற்றிட்டத்துக்குச் சொந்த ஊரிலிருந்து ஒரு வியாபாரத்தைத் தெரிவு செய்யலாம் என்றார். தாத்தா வாப்பாவின் கடையையே எடுத்தார். மூன்று போயா தினங்களில் நானும் அவரும் சப்பாத்துப் பெட்டிகளை எண்ணினோம். மிகச் சிறிய அளவுகளும் மிகப் பெரிய அளவுகளும் வருடக்கணக்கில் தூசி படிந்து கிடந்தன. மொத்த வியாபாரி எல்லா அளவும் கலந்து தருவதை வாப்பா அப்படியே வாங்கியதால், பணம் தட்டுகளில் உறைந்து போயிருந்தது. கணக்கைப் பார்த்த வாப்பா, அடுத்த முறை அளவு சொல்லி வாங்கினார்.

தாத்தாவும் ஒன்று கற்றுக்கொண்டார். தோட்டத்துக் குடும்பங்களுக்குச் சம்பள நாள் வரை கொடுக்கும் கடனை நிறுத்தலாம் என்று அவர் எழுதியிருந்தார். வாப்பா பழைய கடன் கொப்பியை விரித்துக் காட்டினார். அந்தப் பக்கங்களில் திரும்பி வராத பணம் மிகக் குறைவு. திரும்பத் திரும்ப வந்த பெயர்களோ ஏராளம். தாத்தா அந்தப் பரிந்துரையை வெட்டிவிட்டார்.

பங்களாதேஷில் பொருளியல் கற்பித்த முஹம்மத் யூனுஸ், 1976இல் தம் பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள ஜோப்ரா கிராமத்துக்கு நடந்துபோய், 42 பேருக்கு 27 டொலர் கடன் கொடுத்தார். கிராமீன் வங்கி அந்த நடையிலிருந்துதான் பிறந்தது. 2006இல் அவருக்கும் அவ்வங்கிக்கும் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது.

கண்டியின் வணிகக் கல்வி நிறுவனங்கள் செய்யக்கூடியவை எளியவையே. ஒவ்வொரு வருடமும் மாணவர்கள் சுற்றுவட்டாரத்திலுள்ள ஒரு கடையையோ தோட்டத்தையோ பட்டறையையோ பற்றி விடய ஆய்வு எழுதட்டும். விசாரிப்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் செய்யட்டும். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தாலும், இரண்டு பக்கச் சுருக்கமொன்று உரிமையாளரின் மொழியில் அவர் கைக்குப் போகட்டும். பாடம் நடத்த வியாபாரிகளையும், வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களையும் அழைக்கட்டும். கல்ஹின்னைக்கும் தெல்தோட்டைக்கும் போகும் பெண்கள் கடைசி பஸ்ஸைத் தவறவிடாத நேரத்தில் வகுப்பு முடியட்டும். வியாபாரம் செய்த கதீஜா நாயகி (ரலி) அவர்களைப் பற்றி ஒவ்வொரு மேடையிலும் பேசும் நாம், வியாபாரம் படிக்கப் போகும் பெண்ணின் பஸ்ஸைப் பற்றியும் யோசிக்க வேண்டாமா?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையைச் சேர்க்கப் போகும் இடத்தில் கட்டணத்தையும் காலத்தையும் கேட்பீர்கள். அத்துடன், “எங்கட ஊர்க் கடை ஒண்டப் பத்தி இங்க படிப்பிக்கிறீங்களா?” என்றும் கேளுங்கள். நாலு பேர் கேட்டால், ஐந்தாவது பெற்றோர் வரும்போது அவர்களிடம் விடை தயாராக இருக்கும்.