கரண்டி யார் கையில்?

கொரிந்து பட்டணத்துச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் பதினொன்றாம் அதிகாரத்தை நம் சபைகளில் மாதாமாதம் கேட்கிறோம். திருவிருந்து ஞாயிறன்று ஐயர் அப்பத்தைப் பிட்கும்போது சொல்கிற வார்த்தைகள் அங்கிருந்துதான் வருகின்றன. (போதகரை நாம் இன்னமும் ‘ஐயர்’ என்றுதான் கூப்பிடுகிறோம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) ஆனால் அவர் தொடங்குவது இருபத்து மூன்றாம் வசனத்தில். அதற்கு முன்னால் இருக்கிற ஆறு வசனங்களை யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை. படித்தால் பாதிப் பேர் நெளிய வேண்டியிருக்கும்.

அந்த ஆறு வசனத்தில் நடப்பது ஒரு சாப்பாட்டுச் சண்டை. கி.பி. 55 வாக்கில் நடந்தது. அப்போது கோயில் கட்டடம் என்று ஒன்று கிடையாது. சபை என்றால் யாராவது ஒருத்தர் வீடு, அதுவும் வசதியான வீடு. ரோமப் பாணி வீட்டின் சாப்பாட்டு அறையில் ஒன்பது பத்துப் பேர் சாய்ந்து உட்காரலாம், மற்றவர்களுக்கு முற்றம்தான் என்று ஆராய்ச்சி செய்தவர்கள் சொல்கிறார்கள். வேலைவெட்டி இல்லாத கனவான்கள் நேரத்தோடு வந்து உள்ளே உட்கார்ந்து முடித்துவிடுவார்கள். அடிமைகளும் கூலிகளும் வேலை முடிந்து வரும்போது சட்டி காலி. ஒருத்தன் பசியோடு நிற்கிறான், இன்னொருத்தன் குடித்து மயங்கிக் கிடக்கிறான். நீங்கள் தின்பது கர்த்தருடைய விருந்தே கிடையாது, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்கள் என்று பவுல் பொரிந்து தள்ளுகிறார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் செகண்ட் ஷிப்ட் முடித்துவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் சபை ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் இடையில் இருக்கிறது. அறுபதுகளில் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கி ஃபாக்டரியும் வந்த பிறகு தெற்குச் சீமையிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் ஒரு பக்கம், திருவள்ளூர், பூந்தமல்லி சுற்றுவட்டாரச் சேரிகளிலிருந்து கூலிக்கு வந்த எங்கள் சனம் ஒரு பக்கம். இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய சபைதான். ஞாயிற்றுக்கிழமை ஒரே பெஞ்சு. அங்கே யாரும் சாதி கேட்க மாட்டார்கள். “சொந்த ஊர் எது?” என்று மட்டும் கேட்பார்கள். ஊரைச் சொன்னால் தெரு தெரியும், தெரு தெரிந்தால் எல்லாம் தெரியும். எம்.ஏ. தமிழ் படிக்கிற காலத்தில் சபை அக்காமார்களிடம் இந்தக் கேள்விக்கு எத்தனை தடவை பதில் சொல்லியிருப்பேன் என்று கணக்கு இல்லை. பதில் சொன்னதும் முகத்தில் வருகிற அந்தச் சின்ன “ஓ...” இருக்கிறதே, அதற்குத் தமிழ் இலக்கணத்தில் பெயர் இல்லை.

எங்கம்மா இருபது வருஷத்துக்கு மேல் வீட்டு வேலை செய்தது. அதில் ரெண்டு வீடு எங்கள் சபைக்காரர்களுடையது. ஞாயிற்றுக்கிழமை ‘சிஸ்டர்’, திங்கட்கிழமை தனி டம்ளர். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடித்த அதே உதடுதான். நான் கொதிப்பேன். “உடு பாப்பா, அந்த டம்ளர நாந்தான கழுவி வச்சிக்கிறேன், எனுக்குத் தெரியும் அது சுத்தம்னு. அவங்க டம்ளரு எப்பிடியோ” என்று சொல்லிச் சிரிக்கும்.

பவுல் பிலேமோனுக்கு எழுதிய கடிதம் ஒரே பக்கம்தான். பிலேமோனின் அடிமை ஒநேசிமு. அவனைத் திருப்பி அனுப்பும்போது, இனி அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள், என்னை ஏற்றுக்கொள்வது போல ஏற்றுக்கொள் என்று எழுதுகிறார். அடிமை முறையையே ஒழி என்று ஏன் எழுதவில்லை என்ற கேள்வி எனக்கு உண்டு. விடுதலை இறையியல்காரர்கள் எவ்வளவு பூசி மெழுகினாலும் அந்தக் கேள்வி போகாது. ஆனாலும் அந்தக் கடிதம் பிலேமோனுக்கு மட்டும் எழுதியதல்ல, அவன் வீட்டில் கூடுகிற சபைக்கும் சேர்த்து எழுதியது. எல்லார் முன்னாலும் வாசிக்கப்படும். வாசித்து முடித்ததும் சாப்பாடு. ஒநேசிமு எங்கே உட்காருவான்? பிலேமோன் அன்றைக்கே பதில் சொல்லியாக வேண்டும். நம் ஆட்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை. கோயில் தனி, வீடு தனி என்று ஆக்கிவைத்துக்கொண்டோம்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூரிலும் நம் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். வேப்பேரி என்ன தூரம்? இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்த சுவர் 1910இல்தான் இடிந்தது. மதுரை அமெரிக்க மிஷன் 1847இல் வேறு வழியில் போனது. ஆதிச் சபையில் இருந்த ‘அன்பின் விருந்தை’ எடுத்து சாதிக்குப் பரீட்சையாக வைத்தார்கள். எல்லாரும் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட வேண்டும், சாப்பிடாதவனுக்குச் சபையில் வேலை இல்லை. உபதேசியார்கள் பலர் வேலையை விட்டாலும் விடுவோம், சாப்பிட மாட்டோம் என்று போய்விட்டார்கள். 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகளும் இதே போன்ற தீர்மானம் போட்டார்கள். லைப்சிக் லுத்தரன்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சாதி சமூக வழக்கம், மெல்ல மெல்லப் போகும் என்பது அவர்கள் வாதம். 170 வருஷத்துக்கு மேல் ஆகிறது. மெல்லத்தான் போகிறது.

அந்த மிஷனரிகளைப் பாராட்டலாம். ஆனால் இந்தப் பரீட்சையில் பறையர் சமைத்த சோறு என்பது மேல்சாதிக்காரரின் விசுவாசத்தை அளக்கிற தராசுக்கல். சமைத்தவர் பசித்தாரா, சாப்பிட்டாரா, அவர் பெயர் என்ன? நான் படித்த எதிலும் பெயர் இல்லை.

நீதிமன்றத்துக்கும் இது போயிருக்கிறது. சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர், அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்குக் கிறிஸ்தவன் என்பதால் மறுக்கப்பட்டது என்று வழக்குப் போட்டார். கிறிஸ்தவரான பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குச் சாட்சியம் போதாது என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. எங்கள் சபை அடுப்படிக்கு வந்திருந்தால் சாட்சியம் கிடைத்திருக்கும்.

அடுப்படி என்று சொன்னேன். அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் சபையில் பெரிய விருந்து. வெங்காயம் உரிப்பது, பூண்டு உரிப்பது, அண்டா கழுவுவது எங்கள் தெருப் பெண்கள். சமைப்பதற்கு வெளியிலிருந்து மாஸ்டர் வருவார். பரிமாறுவது கமிட்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். கரண்டி எங்கள் கைக்கு வந்ததே இல்லை. யாரும் தடுக்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

போன வருஷம் நாங்கள் சில பேர் ஒரு யோசனை வைத்தோம். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த ‘பரட்டை’ தியோபிலஸ் அப்பாவு ஐயா (2005இல் காலமானார்) பேசிப்பேசி வளர்த்தது ‘ஒரே உலை’. வீட்டுக்கு வீடு அரிசி கொண்டு வந்து ஒரே உலையில் போட்டுச் சேர்ந்து தின்பதுதான் விசுவாசம் என்பார். அதன்படி வீட்டுக்கு அரைக் கிலோ அரிசி. யார் சமைப்பது என்பதற்குச் சீட்டு. யூதாசுக்குப் பதிலாக மத்தியாவைத் தேர்ந்தெடுத்ததே சீட்டுப் போட்டுத்தான், இதற்குப் போடக் கூடாதா?

கமிட்டியில் யாரும் சாதி என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. சுத்தம் என்றார்கள். ருசி என்றார்கள். இவ்வளவு பேருக்குச் சமைக்க அனுபவம் வேண்டாமா என்றார்கள். சாவு வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் அண்டா அண்டாவாக ஆக்கிப் போட்ட பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில், உங்கள் காலனியில் வேண்டுமானால் செய்துகொள்ளுங்கள், சபை காம்பவுண்டில் வேண்டாம் என்று முடிந்தது.

காலனியில் செய்தோம். தெற்கத்திக் குடும்பங்களில் நாலைந்து வந்தன. எழுபதைத் தாண்டிய ஒரு ரிட்டையர்டு டீச்சரம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்து ரெண்டாம் தடவை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் மகன் காரை விட்டு இறங்கவில்லை. கமிட்டியில் எங்களுக்காகப் பேசிய ஒருத்தர் முதல் பந்தியில் உட்கார்ந்தார். வாசலில் சொந்தக்காரர் தலை தெரிந்ததும் சுகர் இருக்கு, நேரமாச்சு என்று எழுந்துகொண்டார். அந்தியோகியாவில் பேதுரு செய்தது இதுதான். புறசாதியாரோடு நன்றாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எருசலேமிலிருந்து ஆள் வந்ததும் விலகிக்கொண்டார். பவுல் முகத்துக்கு நேராகக் கேட்டதாகக் கலாத்தியருக்கு எழுதுகிறார். எங்களில் யாரும் அன்றைக்குக் கேட்கவில்லை. இலை விழுந்தபடி கிடந்தது.

இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது சீட்டு.

மூன்று பெயர் விழுந்தது. எங்கம்மா, பக்கத்துத் தெரு அத்தை ஒருத்தர், மூன்றாவது காலனிக் கடைசியில் இருக்கிற அருந்ததியர் வீட்டு அக்கா. காண்ட்ராக்டில் துப்புரவு வேலை பார்க்கிறவர். பெயரை வாசித்ததும் ஒரு அமைதி. பிறகு எங்கள் ஆட்களில் பெரியவர் ஒருத்தர், அண்ணல் படத்தை வீட்டில் மாட்டியிருப்பவர், சொன்னார்: “அவங்க காய் நறுக்கட்டும். ஆக்கறதுக்கு நம்ம பொம்பளைங்க கீறாங்களே, அனுபவம் வேணுமில்ல.”

கமிட்டியில் கேட்ட அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறவில்லை.

சத்தம் பெரிதானது. நான் கத்தினேன், இன்னும் நாலு பேர் கத்தினார்கள். எங்கம்மா ஒன்றும் பேசாமல் போய் அந்த அக்கா கையைப் பிடித்து அழைத்து வந்து உலைக்கு முன்னால் நிறுத்தியது. “நீ அரிசியப் பாரு, நான் கொழம்பப் பாக்கறேன்” என்றது. அவ்வளவுதான் பேச்சு. எங்கள் தெருவிலேயே ரெண்டு குடும்பம் சாப்பிடாமல் வீட்டுக்குப் போய்விட்டது. போனவர்கள் கொடுத்த அரிசியும் அதே உலையில்தான் வெந்தது.

கி.பி. 112 வாக்கில் பித்தினியா மாகாண ஆளுநர் பிளினி, இந்தக் கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று கேட்டு ரோமப் பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். விடியலில் கூடுகிறார்கள், பிறகு சேர்ந்து சாதாரணச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள், வேறு குற்றம் காணோம் என்பது அவருடைய துப்பு. உண்மையைக் கறக்க ரெண்டு பெண்களைச் சித்திரவதை செய்ததாகவும் எழுதுகிறார். ரெண்டு பேரும் அடிமைகள். சபை அவர்களை ஊழியக்காரிகள் என்று அழைத்தது. அடிமைப் பெண் கையில் பொறுப்பு இருந்த ஒரு சபை நிஜமாகவே இருந்தது என்பதற்கு எதிரியே எழுதிக்கொடுத்த சாட்சி அது. எங்கள் ஞாயிறு பள்ளியில் இதை யாரும் சொல்லித்தரவில்லை. கர்த்தருக்காகச் சிங்கத்துக்கு இரையானவர்கள் கதை மட்டும் வருஷா வருஷம் வரும்.

இந்த வருஷம் விருந்தைக் காம்பவுண்டுக்குள்ளேயே நடத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அறுபத்தி மூன்று கையெழுத்து. போன வருஷம் எழுந்து போன ரெண்டு குடும்பத்தில் ஒரு வீட்டு மருமகளும் போட்டிருக்கிறாள், மாமனாருக்குத் தெரியாமல். அம்மாவிடம் சொன்னேன். “காம்பவுண்டுல நடந்தாதான் பாப்பா விருந்து. நம்ம தெருவுல நாம கரண்டி புடிக்கறதுக்குப் பவுலு எதுக்கு?” என்றது.

சீட்டுக்குப் பெயர் எழுத அந்த அக்கா வீட்டுக்கும் போனேன். வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். “என் பேரப் போடாதம்மா. போன வாட்டி சோறு எறங்கல எனுக்கு. எல்லாரும் என் கையவே பாத்துகினு இருந்தாங்க” என்றார்.

நோட்டை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். டீ போட்டுக் கொடுத்தார். அடுத்த கமிட்டி பதினஞ்சாம் தேதி. அதற்குள் இன்னொரு தடவை போகவேண்டும், இந்த முறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு.