தலைகீழாய்த் தெரிந்த பிறை



சில ஆண்டுகளுக்கு முன், ஷஅபான் மாதத்தின் 29ஆம் நாள் மாலையில், ஒரு சிறுவன் உரைத்த உண்மையை நாம் பொய்யென்று தள்ளினோம். அதை ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் செய்தோம். அன்று நேர்ந்த பிழையையும், அதன் வழியே தொலைநோக்கி என்னும் கருவியைப் பற்றி நாம் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

நம் மத்ரஸாவின் பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஒரு சிறிய தொலைநோக்கியை அன்பளிப்பாகத் தந்திருந்தார். அன்று மஃக்ரிப் தொழுகை முடிந்ததும் அதை மாடிக்கு ஏற்றி, மேற்கு வானத்தை நோக்கித் திருப்பினோம். சூரியன் முழுமையாக மறைந்த பின்பே திருப்பினோம். தொலைநோக்கி வழியே சூரியனைப் பார்த்தால் கண் நொடியில் கெட்டுவிடும் என்பதை மட்டும் நாம் அறிந்திருந்தோம். பெட்டிக்குள் வளைந்த கண்ணாடித் துண்டு ஒன்றும் இருந்தது. அதன் பயன் விளங்காததால் பெட்டியிலேயே விட்டுவிட்டோம்.

ஹிஃப்ளு வகுப்பில் ஓதும் பதினோரு வயது மாணவன் ஒருவன் முதலில் கண் வைத்தான். சிறிது நேரத்தில், "ஹஜ்ரத், பிறை தெரியுது! கொம்பு ரெண்டும் கீழே பார்க்குது!" என்று கூவினான். ஆளுக்கு ஆள் முண்டியடித்தனர். நம் முறை வந்தபோது வெறும் செவ்வானமே தெரிந்தது. வெறுங்கண்ணாலும் எவரும் காணவில்லை.

நாம் அவனை அழைத்து, "தம்பி, பிறையின் ஒளிப்பக்கம் சூரியன் மறைந்த திசையைத்தான் பார்க்கும். ஆகவே நம் ஊரில் தலைப்பிறை படகைப்போல் கொம்பை மேலே தூக்கியே கிடக்கும். கீழ்நோக்கி இருக்க வழியே இல்லை. காணாததைக் கண்டேன் என்று சொல்லலாகாது" என்றோம். பெரியவர்கள் தலையசைத்தனர். அவன் ஒன்றும் பேசாமல் படியிறங்கிப் போனான். பிறவூர்களில் பிறை காணப்பட்ட செய்தி இரவில் வந்து சேர்ந்தது, ரமளான் தொடங்கியது.

மறுநாள், முதல் நோன்பைத் திறந்து தொழுத பின் நாம் தனியே மாடிக்குச் சென்றோம். இரண்டாம் பிறை கண்ணுக்கே தெளிவாக, கொம்பு மேலாகக் கிடந்தது. தொலைநோக்கியை அதன்பால் திருப்பிக் கண் வைத்தோம். உள்ளே பிறை கவிழ்ந்திருந்தது. கொம்பிரண்டும் கீழே பார்த்தன.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. பார்த்தவன் பார்த்ததைப் பார்த்தபடியே சொல்லியிருந்தான். பொய் சொல்ல நினைத்தவனாயின், எல்லோரும் அறிந்த படகு வடிவத்தையல்லவா சொல்லியிருப்பான்? நம்ப முடியாதபடி அவன் சொன்னதே அவன் வாய்மைக்குச் சான்றாக இருந்தது. சாட்சியத்தின் இலக்கணத்தை ஆண்டுதோறும் பாடமாக நடத்தும் நமக்கு அது அப்போது தோன்றவில்லை.

மறுநாள் வகுப்பில் அனைவர் முன்னும் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். ஜுமுஆவுக்குப் பின், அன்று மாடியில் இருந்த பெரியவர்களிடமும் உண்மையைக் கூறினோம். அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஒன்றே ஒன்று கேட்டான்: "ஏன் ஹஜ்ரத் தலைகீழாத் தெரியுது?" நம்மிடம் விடை இல்லை. கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் நாமே மாணவராய்ச் சென்று அமர்ந்தோம்.

அவர் விளக்கியதன் சாரம் இது. குழலின் முன்னே உள்ள பெரிய குவிலென்ஸ், தொலைவிலிருந்து வரும் ஒளியை ஒரு புள்ளியை நோக்கி வளைக்கிறது. பொருளின் மேற்பகுதியிலிருந்து வரும் ஒளி கீழேயும், கீழ்ப்பகுதியின் ஒளி மேலேயும் சென்று சேர்வதால், குழலுக்குள் தலைகீழான ஒரு சிறு பிம்பம் உருவாகிறது. கண்ணருகே உள்ள சிறு லென்ஸ் அந்தப் பிம்பத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறதேயன்றி நிமிர்த்துவதில்லை. பெட்டியில் கிடந்த கண்ணாடித் துண்டைப் பொருத்தியிருந்தால் பிம்பம் நிமிர்ந்திருக்கும். ஆனால் இடம் வலமாக மாறியிருக்கும்.

1609இல் கலிலியோ வானை நோக்கிய கருவியில் கண்ணருகே குழிலென்ஸ் இருந்தது. அதில் காட்சி நிமிர்ந்தே தெரியும். ஆனால் காணும் பரப்பு மிகக் குறுகியது. 1611இல் கெப்ளர் இரு குவிலென்ஸ்களைக் கொண்ட அமைப்பை முன்மொழிந்தார். பரப்பு விரிந்தது, காட்சி கவிழ்ந்தது. நம்முடையது இந்த இரண்டாம் வகை.

முன் லென்ஸின் குவியத்தொலைவு 700 மில்லிமீட்டர், கண் லென்ஸினுடையது 25. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 28 மடங்கு உருப்பெருக்கம். எனினும் தொலைநோக்கியின் தலையாய பணி பெரிதாக்குவதன்று, ஒளியைச் சேர்ப்பதே என்றார் நண்பர். இருளில் நன்கு விரிந்த கண்மணியின் அகலம் சுமார் 7 மில்லிமீட்டர். நம் லென்ஸ் 70 மில்லிமீட்டர். அகலம் பத்து மடங்கானால் சேரும் ஒளி நூறு மடங்கு.

நமக்கு ஏன் வெறும் வானம் தெரிந்தது என்பதும் விளங்கிற்று. பூமி சுழல்வதால் சந்திரன் தன் அகலத்தைச் சுமார் 2 நிமிடங்களில் கடந்துவிடுகிறது. நாம் முண்டியடித்து முடிப்பதற்குள் பிறை குழலின் பார்வையை விட்டு நழுவியிருந்தது. நாம் காணாததை இல்லாததாக எண்ணிவிட்டோம்.

லென்ஸ் தொலைநோக்கிக்கு ஓர் எல்லை உண்டு. லென்ஸ் ஒவ்வொரு நிறத்தையும் வெவ்வேறு அளவில் வளைப்பதால் விளிம்புகளில் வண்ணம் கசியும். மேலும் ஓரத்தில் மட்டுமே தாங்கிப் பிடிக்க இயலும் என்பதால், பெரிய லென்ஸ் தன் பாரத்தாலேயே வளையும். 1897இல் அமெரிக்காவின் யெர்க்ஸ் ஆய்வகத்தில் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகல லென்ஸோடு அவ்வளர்ச்சி நின்றுபோனது. 1668இல் நியூட்டன் செய்து காட்டியபடி, லென்ஸுக்குப் பதில் குழிந்த ஆடியைக் கொண்டு ஒளியைக் குவிப்பதே பெரிய தொலைநோக்கிகளின் வழியாயிற்று. ஆடியைப் பின்புறம் முழுவதும் தாங்கலாம். நிறங்களையும் அது பிரிக்காது. வாணியம்பாடிக்கு அருகே ஜவ்வாது மலையில், காவலூரில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கி அவ்வகையே. அதன் ஆடி 2.34 மீட்டர் அகலம்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியை நாடாத தொலைநோக்கிகளும் உள. உதகையில் 1970இல் அமைந்த ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அவ்விடத்தின் அட்சரேகை அளவே சரிந்த மலைச்சரிவில் அது வடக்குத் தெற்காக நிற்பதால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக உள்ளது. ஆகவே ஒரே அச்சில் திரும்பி, ஒரு வானப்பொருளைப் பல மணி நேரம் பின்தொடர அதனால் முடிகிறது. 2021இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியோ, பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று, 18 அறுகோண ஆடிகளால் அகச்சிவப்புக் கதிர்களைச் சேர்க்கிறது.

இவற்றுள் நம் நெஞ்சைத் தொட்டது ஹப்பிளின் வரலாறு. 1990இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட பின்னரே, அதன் 2.4 மீட்டர் ஆடி சற்றுத் தவறான வடிவில் தீட்டப்பட்டது தெரியவந்தது. விளிம்பில் தலைமுடியின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே பிழை. ஆயினும் படங்கள் மங்கின. பொறுப்பாளர்கள் குறையை உலகறிய ஒப்புக்கொண்டு, அதைத் துல்லியமாக அளந்து, 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்களை அனுப்பித் திருத்தினர். பிழை எவ்வளவு என்று அளந்ததால்தான் திருத்தவும் முடிந்தது.

ஒளியியலின் முன்னோடி இப்னு அல் ஹைஸம் தொலைநோக்கியைக் கண்டுபிடித்ததாக நாமே முன்பு வகுப்பில் கூறியதுண்டு. அது சரியன்று; அவர் காலத்தில் தொலைநோக்கி இல்லை. பொருளிலிருந்து வரும் ஒளியே பார்வைக்குக் காரணம் என்று நிறுவியவர் அவர். தம் கிதாபுல் மனாழிர் நூலின் மூன்றாம் பகுதியைப் பார்வையின் பிழைகளுக்கே ஒதுக்கினார். கண் சரியாகக் கண்டும், அதிலிருந்து மனிதன் தவறான முடிவுக்கு வருவதையும் அவர் பிழைகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளார். அன்று மாடியில் நடந்தது அதுவே. சிறுவனின் கண் பிழைக்கவில்லை. பிறையைப் பற்றி நாம் அறிந்திருந்ததும் பிழையன்று. நடுவே ஒரு கருவி இருந்ததை மறந்து நாம் வந்த முடிவே பிழை.

தொலைநோக்கியால் கண்ட பிறையை ஏற்கலாமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை இங்கே நாம் தீர்க்க முற்படவில்லை. ஆனால் நம் மாடியில் ஒரு வழக்கம் அன்றுமுதல் நிலைத்துவிட்டது. பிறையைக் கண்டதாக யார் சொன்னாலும், மற்றவர்கள் வாய் திறக்குமுன் அவர் கையில் தாளும் பென்சிலும் தரப்படும். கண்டது கண்ணாலா கருவியாலா, எத்தனை மணிக்கு, கொம்பு எப்பக்கம் என்று அவரே வரைந்து எழுதுவார். அதன்பிறகே கேள்விகள்.

அந்தத் தாள்களை ஒரு கோப்பில் தொகுத்து வருகிறோம். முதல் தாளில் உள்ளது, நாம் கேட்டுக்கொண்டதற்கிணங்க அந்த மாணவன் நினைவிலிருந்து வரைந்து தந்த, கொம்பு கீழ்நோக்கிய பிறை. அதன் அடியில், "கண்டது உண்மை" என்று எழுதி நாம் கையொப்பமிட்டிருக்கிறோம்.

எல்லாம் அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.