வரைபடத்தில் இல்லாத குடி

பாலக்காட்டில் பிறந்து, மூணாற்றின் அருகே ஒரு பள்ளியில் புவியியல் கற்பித்தவன் நான். ஒருநாள் கரும்பலகையில் ஆனைமுடியைச் சமவுயரக் கோடுகளால் வரைந்தேன். ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பது சமவுயரக் கோடு. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் மென்சரிவு.

"வட்டத்துக்குள் வட்டமாக இருக்கிறதே, ஐயா! இது எரிமலையா?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

எரிமலையின் உச்சியில் வாய் இருந்தால், உள்வட்டங்களில் உயரத்தின் எண் குறையும். இங்கோ 2,695 மீட்டர் வரை ஏறிக்கொண்டே போகிறது என்று விளக்கினேன். மகாபலேசுவரம் பக்கம் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த பாறை உண்டு. நம் ஆனைமலைத் தொடரோ, நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பழம்பாறை.

அளந்தவர்களின் வரலாற்றையும் சொன்னேன். 1802இல் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்தார். 1816 முதல் 1820 வரை வார்டும் கான்னரும் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தனர். பிற்காலத்தில் வானிலிருந்து நிழற்படம் எடுத்தார்கள். ஆனால் அடர்காட்டில் படத்துக்குத் தெரிவது மரத்தின் முடியே, தரை தெரியாது. அதனால் எவரேனும் நடந்துபோய்ப் பார்த்தே ஆக வேண்டும். ஊரின் பெயரையோ, அங்கு வாழ்பவரைக் கேட்டே அறிய வேண்டும்.

இவ்வளவும் சொன்ன நான், ஆனைமுடிக்கு வடமேற்கே பச்சைச் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, "காடு" என்று மட்டும் எழுதினேன்.

முதுவர் குலத்துச் சிறுவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, அங்கே எங்கள் குடி இருக்கிறது" என்றான்.

சுண்ணக்கட்டியை அவனிடம் கொடுத்தேன். முதலில் ஓடையை வரைந்தான், அடுத்து நடைபாதையை, பின்னர்ச் சிறுசிறு வட்டங்களாகக் குடிகளை வரைந்து, ஒவ்வொன்றின் பெயரையும் சொன்னான். நிலப்பட ஏட்டை ஒருநாளும் கண்டிராதவன் அவன். ஆயினும் என் கோடுகள் மேல்நோக்கி மடிந்த பள்ளங்களின் வழியாகவே அவனுடைய ஓடை இறங்கிற்று. மலையின் வடிவை நான் எண்களால் அறிந்திருந்தேன். அவன் கால்களால் அறிந்திருந்தான். கேட்டறிய வேண்டும் என்று கற்பித்த நானே கேளாமல் எழுதியதை எண்ணி நாணினேன்.

2010ஆம் ஆண்டில் இடமலைக்குடி கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாயிற்று. செய்தியைப் படித்தபோது அச்சிறுவனின் வட்டங்கள் நினைவுக்கு வந்தன. அன்று மாலை பள்ளிக்கூடம் விட்ட பிறகும் அந்தக் கரும்பலகையை நான் அழிக்கவில்லை. "காடு" என்ற சொல்லை மட்டும் அழித்துவிட்டு வீடு திரும்பினேன்.