லேசான சுமைக்கு ஒரு வண்டி

ஏப்ரல் 12, சனி

காலையில் ஹவல் வரை போய் டிரெய்லரைப் பார்த்து, வாங்கியும் வந்துவிட்டேன். ஐந்தடிக்கு எட்டடி, ஒற்றை அச்சு, 2,000 பவுண்டு தாங்கும். விற்றவர் புல்வெட்டும் தொழில் செய்த பெரியவர். பலகை உளுத்துப்போயிருக்கிறது. பலகையை மாற்றிக்கொள்ளலாம், ஃபிரேம் போனால்தான் போச்சு. மிச்சிகனில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அது இரும்பைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். பெயின்ட்டைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. சின்னச் சுத்தியல் ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். கீழே படுத்து, அடிக்கு ஒரு தட்டு. நல்ல இரும்பு கணீரென்கும், உளுத்த இடம் தொப்பென்று கேட்கும். பின்பக்கக் குறுக்குச் சட்டம் ஒன்றுதான் தொப்பென்றது. அச்சுக்கு மேலே, முன்கம்பம் சேருமிடம், வில் பட்டைகள் மாட்டியிருக்கும் கொக்கிகள் எல்லாம் கணீர்.

400 டாலருக்குப் பேசி முடித்தோம். இந்த மாநிலத்தில் டிரெய்லருக்கு நிரந்தர நம்பர் பிளேட்; ஒருமுறை பணம் கட்டினால் வருஷா வருஷம் புதுப்பிக்கும் வேலையில்லை.

காரின் கூரையிலேயே கயாக்கை ஏற்றிக்கொண்டு போகலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 55 பவுண்டுப் படகைத் தலைக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். போன வருஷத்திலிருந்து என் மனைவிக்குத் தோள்வலி. தண்ணீரில் துடுப்புப் போடும்போது வலிக்கவில்லை, தூக்கும்போதுதான் வலிக்கிறது. ஏரிக்குப் போவதை நிறுத்துவதா, தூக்குவதை நிறுத்துவதா என்று யோசித்தால் விடை தெரிந்ததுதான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாள் முழுக்க டேப்பும் சாக்பீசும். அச்சிலிருந்து காரின் ஹிட்ச் பந்து வரை 8 அடி. எங்கள் பெரிய கயாக் 14 அடி. அதன் நடுவை அச்சுக்கு மேலே வைத்தால் முன்னால் 7 அடி வரும். பந்துக்கும் படகின் மூக்குக்கும் இடையில் ஓரடிதான் மிச்சம். காரின் பின்கதவைத் திறந்தால் இடிக்கும். இறுக்கமான திருப்பத்தில் பம்பர் மூலை படகில் உரசும்.

இந்த வண்டிகளை ஜல்லிக்கும் மண்ணுக்கும் செய்திருக்கிறார்கள், அதாவது கனமான, குட்டையான சுமைக்கு. நம்முடைய சுமை லேசு, ஆனால் நீளம். செய்ய வேண்டிய வேலையெல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது. நீளத்துக்கு முன்கம்பத்தை நீட்ட வேண்டும், லேசுக்கு வில்லை இளக்க வேண்டும். கடைக்குப் போனால் இன்னும் கனமான அச்சு, இன்னும் தடித்த டயர் என்றுதான் விற்கப் பார்க்கிறார்கள். நமக்கு வேண்டியது நேர் எதிர்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. பாயசம் வைத்து முடித்தபிறகு உடுமலையிலிருந்து அப்பா வீடியோவில் வந்தார். டிரெய்லரைக் காட்டினேன். ஃபிரேம் எப்படி, டயர் எப்படி என்று எதுவும் கேட்கவில்லை. "முன்பாரம் எவ்வளவு வரும் கண்ணு?" என்றார்.

அப்பா சின்ன வயதில் மாட்டு வண்டியில் பருத்தி ஏற்றியவர். பின்பாரம் கூடினால் ஏர்க்கால் மேலே தூக்கி நுகத்தடி மாட்டின் கழுத்தை நெரிக்கும், முன்பாரம் கூடினால் மாடு குனிந்துவிடும். டிரெய்லரிலும் கணக்கு அதேதான். மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் ஹிட்ச் பந்தின் மேல் இருக்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். ஆட ஆரம்பித்தால் காரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். முன்கம்பத்தை இனி நானும் ஏர்க்கால் என்றே எழுதப் போகிறேன்.

ஏப்ரல் 19, சனி

சக்கரங்களைக் கழற்றினேன். டயரில் அச்சடித்திருந்த எண் 2714, அதாவது 2014ஆம் ஆண்டின் 27ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயவில்லை, ஆனால் பக்கவாட்டில் கோடு கோடாக வெடிப்பு. டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட நின்ற இடத்தில் காய்ந்து சாவதுதான் அதிகம். யோசிக்காமல் இரண்டையும் மாற்றினேன், கூடவே ஒரு ஸ்டெப்னி.

பேரிங் எல்44649, உள்ளும் புறமும் ஒரே எண். பழைய கிரீஸ் கெட்டியாகிக் காபிப் பொடி நிறத்தில் இருந்தது. புதிது போட்டேன். கிரீஸ் அடைப்பதை மகளுக்குக் கற்றுக்கொடுத்தேன். இடது உள்ளங்கையில் எலுமிச்சை அளவு கிரீஸ். பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி இழுக்க வேண்டும், மறுபடி அழுத்தி இழுக்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு மேல்பக்கம் உருளைகளுக்கு நடுவிலிருந்து கிரீஸ் மெல்லிய நூலாக எட்டிப்பார்க்கும். அப்போது கொஞ்சம் திருப்பி அடுத்த உருளைக்குப் போக வேண்டும், சுற்று முழுக்க. "அப்பா, வந்துடுச்சு!" என்று அவள் கத்தியது பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். நட்டை இறுக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, தளர்த்தி, பிறகு விரலால் மட்டும் முடுக்கி காட்டர் பின் போட்டோம். இங்கே ஸ்பேனரால் கடைசிவரை முடுக்கினால் பேரிங் சூடேறி நடுவழியில் நின்றுவிடும்.

ஏப்ரல் 26, சனி

வெல்டரிடம் கொண்டுபோனேன். பழைய ஏர்க்காலோடு மூன்றடித் துண்டை ஒட்டவைக்கச் சொல்லிக் கேட்பவர்கள்தான் அதிகமாம். அவர் அதற்குச் சம்மதிப்பதில்லை. முழு நீளக் குழாய் ஒன்றையே போட்டு, அதை ஃபிரேமுக்கு அடியில் இரண்டாவது குறுக்குச் சட்டம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். காரணத்தையும் விளக்கினார்: முன்னால் பந்து தாங்குகிறது, பின்னால் அச்சு தாங்குகிறது, பாரம் நடுவில். அதனால் ஏர்க்காலின் அடிப்பக்கம் எப்போதும் இழுபட்டுக்கொண்டிருக்கும். அந்த அடிப்பக்கத்தில் குறுக்காக வெல்டு வைத்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். பக்கவாட்டில் நீளவாக்கில் மட்டுமே வைத்தார். தொழில் தெரிந்தவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதே ஒரு சந்தோஷம். உளுத்த பின்சட்டத்தையும் மாற்றிக் கொடுத்தார்.

இப்போது அச்சிலிருந்து பந்துக்கு 11 அடி. கூடுதல் லாபம் ஒன்று: ஏர்க்கால் நீண்டால் ரிவர்ஸ் எடுப்பது சுலபம். குட்டை டிரெய்லர் ஸ்டீயரிங்கைத் தொட்டதுமே மடங்கும். நீளமானது நிதானமாகத் திரும்பும்.

மே 3, சனி

இன்று வில். பக்கத்துக்கு நான்கு பட்டை. வெறும் வண்டியை இழுத்துக்கொண்டு வந்தபோதே ஒவ்வொரு சாலைப் பள்ளத்திலும் சக்கரம் தரையை விட்டு எழும்பியதைக் கண்ணாடியில் பார்த்தேன். அந்தக் குதியல் பிளாஸ்டிக் படகின் அடிவயிற்றில்தான் போய் இறங்கும். பக்கத்துக்கு இரண்டு பட்டையை உருவிவிட்டேன். தாய்ப் பட்டையும் அதற்கு அடுத்ததும் மட்டும் இருக்கின்றன. யு-போல்ட்டுகள் புதுசு, ஒருமுறை முறுக்கி நீண்ட யு-போல்ட்டை மறுபடி போடக் கூடாது. தாங்கும் திறன் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. நாளைக்கு யாராவது இரவல் வாங்கி மண் அள்ளிவிடக் கூடாதே என்று ஏர்க்காலில் பெரிய எழுத்தில் "மொத்தம் 1,000 பவுண்டு" என்று பெயின்ட்டில் எழுதினேன், தமிழிலும் ஆங்கிலத்திலும்.

மே 4, ஞாயிறு

பலகை போட்டாயிற்று. மருந்தேற்றிய பிளைவுட்டில் செம்பு இருக்கிறது. சாதாரண ஸ்க்ரூவை அது அரித்துவிடும். ஸ்டெயின்லெஸ் வாங்கினேன்.

மே 10, சனி

படகு தாங்கும் மேல்தட்டு. நான்கு மூலையிலும் இரண்டடி உயரக் கம்பம், அவற்றின் மேல் இரண்டு குறுக்குச் சட்டம். சட்டத்துக்கு யூனிஸ்ட்ரட்: ஒரு பக்கம் திறந்த, 1⅝ அங்குல இரும்புக் கால்வாய். ஸ்பிரிங் வைத்த நட்டை அதற்குள் போட்டுக் கால் சுற்றுத் திருப்பினால் எந்த இடத்திலும் நிற்கும். துளை போடும் வேலையே இல்லை. 1920களில் சார்லஸ் அட்வுட் உருவாக்கியது இது, எங்கள் வீட்டுக்குக் கிழக்கே இருக்கும் வெய்ன் நகரத்தில் வளர்ந்த கம்பெனி. ஆஸ்பத்திரிக் கூரைகளில் குழாய் தொங்கவிட உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். படகின் நீளம் மாறினால் தாங்கியை நகர்த்திக்கொள்ளலாம் என்பதுதான் எனக்கு இதில் பிடித்தது.

பிரேக் போடும்போது படகு முன்னால் பாயப் பார்க்கும். அதனால் கம்பங்களுக்கு முன்பின்னாகச் சாய்வுத் தாங்கல் கொடுத்தேன். குறுக்குத் தாங்கலை மட்டும் போட்டுவிட்டு இதை விட்டுவிடுகிற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், பயமாக இருக்கிறது.

கயாக்கைப் படுக்க வைக்கவில்லை, ஒருக்களித்து நிறுத்தினேன். பாலிஎதிலின் படகு வெயிலில் இளகும்; தட்டையாகக் கிடத்தி இறுக்கிக் கட்டினால் அடிப்பாகம் உள்வாங்கிக்கொள்ளும். விளிம்பில்தான் அதற்கு உறுதி. தாங்கிகள் படகின் உள்தடுப்புகளுக்கு நேர்கீழே வருகின்றன. கட்டுவதற்குக் கேம் பக்கிள் பட்டைதான். ராட்செட் பட்டை மரத்தடிக்கு ஆகும், படகை நசுக்கிவிடும்.

மே 17, சனி

காலையில் விளக்கு, மாலையில் தராசு.

நான்கு வயர்: வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. இடது இண்டிகேட்டர் போட்டால் இரண்டு விளக்கும் மங்கலாகச் சிமிட்டியது. எர்த் சரியில்லை என்றால் மின்சாரம் வேறு விளக்கு வழியாகத் திரும்பிப் போகும், அதுதான் இந்தக் கூத்து. துருப்பிடித்த ஃபிரேமை நம்பாமல் ஒவ்வொரு விளக்குக்கும் தனி வெள்ளை வயர் இழுத்தேன். எல்லாமே எல்இடி.

பிறகு மூன்று படகு, கூடாரம், உறங்கு பைகள், அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் ஏற்றினோம். மொத்தம் 880 பவுண்டு. குளியலறைத் தராசைக் கட்டை வைத்து உயர்த்தி, ஏர்க்கால் முனையை அதன்மேல் இறக்கினேன். 62. சாமான் பெட்டி 150 பவுண்டு. அதை இரண்டடி முன்னால் தள்ளினோம். 89. பத்து சதவீதத்துக்கு ஒரு பவுண்டு மேலே. ஏர்க்கால் நீளும்போது முன்பாரம் குறையும், அதைப் பெட்டியால் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. பெட்டியின் இடத்தைப் பலகையில் பெயின்ட்டால் குறித்துவிட்டேன். அப்பாவுக்கு 89 என்று செய்தி அனுப்பினேன். கணக்கு முழுவதையும் திரும்பக் கேட்டுவிட்டு, "சரிதான்" என்றார்.

ஜூன் 7, சனி

கென்சிங்டன் பூங்காவில் கென்ட் ஏரி வரை வெள்ளோட்டம். நெடுஞ்சாலையில் படகைக் கட்டிய பட்டைகள் ஊளையிட்டன. நிறுத்தி ஒவ்வொன்றிலும் ஒரு முறுக்கு விட்டதும் அடங்கின. சக்கரம் தரையிலேயே ஓடுகிறது. மனைவி ஒரு முனை, மகள் மறுமுனை பிடித்து, இடுப்பளவில் வாங்கி இறக்கினார்கள். "ஏங்க, தோள் ஒண்ணுமே பண்ணல" என்றாள். இதற்காகத்தான் இவ்வளவும்.

ஜூன் 28, சனி

விடியுமுன் கிளம்பி ஐ-75இல் வடக்கே. சங்கிலி இரண்டையும் ஏர்க்காலுக்கு அடியில் குறுக்காக மாட்டினேன். கொக்கி கழன்றால் ஏர்க்கால் அந்தப் பின்னலில் விழும், சாலையில் குத்தாது. வேகம் 65ஐத் தாண்டவில்லை, டிரெய்லர் டயருக்கு அதுதான் பொதுவான வரம்பு. பெட்ரோலுக்கு நின்ற இடத்திலெல்லாம் சக்கரக் குடத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புதான்.

விறகு எடுத்துவரவில்லை. ஆஷ் மரங்களைத் துளைக்கும் மரகதப் பச்சை வண்டு வட அமெரிக்காவில் முதலில் கண்டறியப்பட்டது எங்கள் டெட்ராய்ட் பக்கம்தான், 2002இல். கோடிக்கணக்கான மரங்கள் போய்விட்டன. அது ஊர்விட்டு ஊர் போனதில் முகாம்காரர்கள் ஏற்றிச்சென்ற விறகுக்குப் பெரிய பங்கு உண்டு. டிரெய்லரில் இடம் இருக்கிறதே என்று எதையும் ஏற்றக் கூடாது. விறகை அங்கேயே வாங்கி அங்கேயே எரிப்போம்.

மாக்கினா பாலம். 1957இல் திறந்தது, ஐந்து மைல். சுங்கம் அச்சுக் கணக்கு, டிரெய்லருக்கும் சேர்த்துக் கட்டினேன். உள்தடம் இரும்பு வலை. கீழே தண்ணீர் தெரியும். வெளித்தடத்தில் நிதானமாகப் போனேன். பக்கக் காற்று நன்றாகவே இருந்தது. படகுகளின் மூக்கைக் கட்டிய கயிறு விறைத்து நின்றதே தவிர வண்டி ஆடவில்லை. அப்புறம் சீனிக்கு மேற்கே 25 மைல் வளைவே இல்லாத சாலை. மாலையில் மியூனிசிங்.

ஜூலை 1, செவ்வாய்

வீடு. சுப்பீரியர் ஏரி ஜூன் கடைசியிலும் கையை மரக்கவைக்கும் குளிர். நிறம் கசியும் மணற்கல் பாறைகளுக்கு அடியில் இரண்டு காலைகள் துடுப்புப் போட்டோம். மைனர்ஸ் காஸில் பாறைக்கு 2006 வரை இரண்டு கோபுரம், ஒன்று சரிந்துவிட்டது என்று மகள் படித்து வைத்திருந்தாள்.

கிளம்புமுன் கரையிலேயே படகுகளைக் கவிழ்த்து நீரை வடித்து, ஒட்டிய பாசியைத் துடைத்தோம். ஓர் ஏரியின் செடியை இன்னோர் ஏரிக்குக் கொண்டுபோகக் கூடாது. 2019இலிருந்து இங்கே அது சட்டமும்கூட. இன்று பேரிங்கைத் திறந்து பார்த்தேன், கிரீஸ் போட்டபடி சுத்தம். ஒரு தாங்கியின் போல்ட்டு கால் சுற்றுத் தளர்ந்திருந்தது, நைலான் நட்டு மாற்றினேன்.

மகள் 17 அடிக் கடல் கயாக் வேண்டும் என்கிறாள். நடுவில் வைத்தால் டிரெய்லர் பலகைக்குப் பின்னால் ஐந்தடி நீட்டும், சிவப்புத் துணி கட்ட வேண்டும். ஓரடி முன்னால் தள்ளினால் பின்னால் நான்கடி. பந்துக்கு முன்பாக இன்னும் ஒன்றரை அடி மிச்சமிருக்கும், பின்கதவு இடிக்குமா என்று பார்க்க வேண்டும். எப்படி வைத்தாலும் மறுபடி தராசை எடுக்க வேண்டியதுதான். சனிக்கிழமை அட்டையில் 17 அடி நீளத்துக்கு ஒரு மாதிரி வெட்டி வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.