பயமுறுத்தினால் மாறுவார்களா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு வந்தது. வாழைப்பழத்தில் எச்.ஐ.வி. ரத்தத்தை ஊசி மூலம் ஏற்றி விற்கிறார்களாம், உஷாராக இருக்க வேண்டுமாம். ஸ்ரீரங்கத்தில் வாழைப்பழம் இல்லாமல் ஒரு வீட்டில் ஒரு வேளை ஓடுமா? படித்தவர்களே மூன்று பேர் அதை மேலே அனுப்பியிருந்தார்கள். உடம்பை விட்டு வெளியே வந்த அந்தக் கிருமியால் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. சாப்பாடு வழியாக அது பரவாது. இதைக் குழுவிலேயே எழுதிவிட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. இந்த நோய் நம் மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்டு நாற்பது வருஷம் ஆகிவிட்டது. இன்னும் பயம்தான் முதலில் வருகிறது.

அந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தவர் டாக்டர் நிர்மலா. அவருடைய பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன். பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார் பேராசிரியர். அந்தப் பெண்களை எங்கே தேடுவது என்றே நிர்மலாவுக்குத் தெரியாது. பொது மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வரும் ஒன்றிரண்டு பெண்களோடு முதலில் பழகினார். அவர்கள் வழியாக மற்றவர்களிடம் போனார். காப்பகத்தில் இருந்த பெண்களிடமும் ரத்தம் எடுத்தார். எடுத்ததை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, கணவரோடு இரவு ரயிலில் காட்பாடி போய், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சோதித்தார்கள். ஆறு பேருக்குத் தொற்று இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று தெரியவந்தது அப்படித்தான்.

அடுத்து நடந்ததுதான் வருத்தமானது. தொற்று இருந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் வெளியே விடாமல் அடைத்து வைத்தார்கள். நீதிமன்றம் வரை போய்த்தான் அவர்களை மீட்க வேண்டியிருந்தது. பயந்தவர்களுக்கு முதலில் தோன்றுவது பூட்டுதான். பூட்டைப் பார்த்த மற்ற பெண்கள் அதற்குப் பிறகு பரிசோதனைக்கு வருவார்களா, சொல்லுங்கள்.

ஆரம்பத்தில் சுவரெங்கும் மண்டை ஓடும், ‘உயிர்க்கொல்லி’ என்ற எழுத்தும்தான். அதைப் பார்த்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். சிகரெட் அட்டையில் படம் போட்டிருந்தும் புகைக்கிறவர் புகைக்கத்தானே செய்கிறார்? ஒரு விஷயம் தெரிவது வேறு, அதன்படி நடப்பது வேறு. உலகம் முழுக்க இதை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதும் அதுதான். நடத்தை மாற வேண்டுமென்றால், தன்னைப் போன்ற ஒருவர் வந்து சொல்ல வேண்டும். ஆணுறையும் பரிசோதனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கேட்டால் அவமானப்படுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கையும் வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் போதனை காற்றில் போகும்.

தமிழ்நாடு அதைக் கற்றுக்கொண்டது. 1994-ல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கியது. நெடுஞ்சாலையில் லாரி டிரைவர்களிடம் பேச, அவர்களோடு டீக்கடையில் உட்காரக்கூடியவர்களை அனுப்பினார்கள். பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களிடம் பேச, அந்தப் பெண்களிலிருந்தே ஆட்களைத் தயார் செய்தார்கள். மக்களின் நடத்தை உண்மையில் மாறுகிறதா என்று 1996 முதல் தொடர்ந்து கணக்கெடுத்துப் பார்த்தார்கள். ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ ஞாபகம் இருக்கிறதா? அதைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. ஆனால் அதுவரை வாயைத் திறக்காத ஊர், அந்தக் கேள்வியைப் பஸ்ஸில் சத்தமாகப் பேசியது.

பலன் என்ன? 2006-ல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. தென் மாநிலங்களில் 15 முதல் 24 வயதுக்குட்பட்ட கர்ப்பிணிகளிடம், 2000-ல் 1.7 சதவீதமாக இருந்த தொற்று 2004-ல் 1.1 சதவீதமாகக் குறைந்திருந்தது. நான்கே வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு! அதற்குப் பின்னால் பெயர் தெரியாத எத்தனை பேரின் உழைப்பு!

நம் வகுப்புக்கு வருகிறேன். 2008 வாக்கில் பத்தாம் வகுப்பு அறிவியல் எடுத்தேன். அந்தப் பாடம் வரும்போது பையன்கள் சிரிப்பார்கள், பெண்கள் தலையைக் குனிவார்கள். அதனால் ஒரு சாக்பீஸ் டப்பாவை மேஜையில் வைத்து, பெயர் எழுதாமல் கேள்வி போடச் சொன்னேன். கொசு கடித்தால் வருமா, சலூன் கத்தியால் வருமா என்று நிறையச் சீட்டுகள். அதில் ஒன்று: ‘எங்க அப்பாவுக்கு இருக்கு. அவர் சாப்பிட்ட தட்டில் நான் சாப்பிடலாமா டீச்சர்?’

நாற்பது பேரின் கையெழுத்தும் எனக்கு அத்துப்படி. யார் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. அந்தப் பக்கம் நான் திரும்பவே இல்லை. எல்லாச் சீட்டுக்கும் பதில் சொல்வது போல இதற்கும் சொன்னேன். சாப்பிடலாம், கட்டிப்பிடிக்கலாம், பக்கத்தில் படுத்துத் தூங்கலாம். பிறகு புத்தூர் அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் இருப்பதையும், மருந்து இலவசம் என்பதையும் நாற்பது பேரையும் நோட்டில் எழுத வைத்தேன். ஒருவருக்கு வேண்டியதை எல்லோருக்குமாகச் சொன்னால் யாரும் தனியாக நிற்க வேண்டியதில்லை. அந்த வகுப்பு எனக்குக் கற்றுக்கொடுத்தது இது.

இன்று நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. 2004 ஏப்ரல் முதல் அரசு இலவசக் கூட்டு மருந்து தருகிறது. தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தால், தாம்பத்யத்தின் மூலம் துணைக்குப் பரவுவதில்லை. கர்ப்பிணிக்கு மருந்து கொடுக்காவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்று வரலாம். கொடுத்தால் அது 5-க்கும் கீழே போய்விடும். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, தொற்றைக் காரணம் காட்டி வேலையை விட்டோ பள்ளியை விட்டோ நீக்கக் கூடாது. சம்மதமில்லாமல் பரிசோதிக்கவும் கூடாது.

மருந்து மாறிவிட்டது, சட்டமும் மாறிவிட்டது. மாற வேண்டியது நம் பேச்சு. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் வெட்கப்படாமல் பேசுங்கள். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கும் வீடுகளில், பையனும் பெண்ணும் தாங்களாகவே ஒத்துக்கொண்டு ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டால் நல்லது. கட்டிய கணவனைத் தவிர யாரையும் அறியாத எத்தனையோ பெண்களுக்கு இது வந்திருக்கிறது. ‘நம்ம குடும்பத்தில் அதெல்லாம் வராது’ என்ற நம்பிக்கை யாரையும் காப்பாற்றியதில்லை.

சந்தேகம் இருந்தால் 1097-க்கு அழையுங்கள், கட்டணம் இல்லை. அந்தச் சீட்டை எழுதிய பிள்ளை இதைப் படித்தால், எனக்குப் பதில் எழுத வேண்டாம். நன்றாக இருந்தால் போதும். மற்றவர்கள் கமெண்டில் யார் பெயரையும் குறிப்பிட வேண்டாம். கேட்க வேண்டியதை இன்பாக்ஸில் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ஸ்ரீரங்கம்.