ஏ-கஸ்பாவில் ஒரு சேவல்

நார்தாம்ப்டன், இங்கிலாந்து

அன்புள்ள மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. நீ அனுப்பிய வீடியோவை உன் சித்தி திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பீரோ மேல் ஏறி நின்று ரோஸி கழுத்தை நீட்டிக் கூவுகிறது, பேத்தி கைதட்டுகிறாள், சுவருக்கு அப்பாலிருந்து வீட்டுக்காரம்மா சத்தம் போடுகிறார். "காலி பண்ணச் சொல்றாங்க சித்தப்பா, கோழியவா எங்களையான்னு தெரியல" என்று கீழே எழுதியிருந்தாய். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் கம்பெனிக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் வாடகை வீடுகளில் இப்படி எத்தனை ரோஸிகள் இருக்குமோ. அதனால் பதிலைப் பத்திரிகை வழியாகவே எழுதுகிறேன். உன் பேரைப் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

பெட்டை என்று நினைத்து வாங்கியது எப்படிச் சேவலானது என்று கேட்டிருந்தாய். பஜாரில் அட்டைப்பெட்டியில் பச்சையும் ரோஸுமாகக் கீச்சிடும் கலர் குஞ்சுகள் ஏறக்குறைய எல்லாமே ஆண்தான். நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணைகளுக்காகக் குஞ்சு பொரிக்கிற இடங்களில், பொரிந்த அன்றைக்கே ஆணையும் பெட்டையையும் பிரித்துவிடுவார்கள். பெட்டை பண்ணைக்குப் போகும். ஆண் முட்டை போடாது. வெள்ளை லெகார்ன் வழியில் வந்த இனம் என்பதால் எவ்வளவு தீனி போட்டாலும் பிராய்லர் மாதிரி சதையும் வைக்காது. ஆக, யாருக்கும் வேண்டாத குஞ்சு. அதைச் சாயத்தில் முக்கிக் குழந்தைகளுக்கு விற்கிறார்கள். ஜெர்மனியில் ஆண் குஞ்சைப் பொரிந்ததும் கொல்லக்கூடாது என்று 2022 ஜனவரி 1 முதல் சட்டம். முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா பெட்டையா என்று பார்க்க இயந்திரம் வைத்திருக்கிறார்கள். நான் இருக்கும் நாட்டில் இன்னமும் வாயு வைத்துத்தான் முடிக்கிறார்கள். சாயம் பூசுவதைவிட அது மேலா கீழா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கலர் குஞ்சு பெரும்பாலும் ஒரு வாரம் தாங்காது. தாயின் வயிற்றுச் சூடு கிடைக்காமல் விறைத்துப்போகும். ரோஸி பிழைத்ததற்கு நீ தொங்கவிட்ட குண்டு பல்பு பாதிக் காரணம், வேலூர் வெயில் மீதிக் காரணம். இறகு முளைத்ததும் ரோஸ் போய் வெள்ளை வந்தது, கொண்டை சிவந்தது, அப்புறம் பீரோ.

கோழி வீட்டுக்குள் இருப்பது நம் குடும்பத்துக்குப் புதிதில்லை. பேரணாம்பட்டு வீட்டில் உன் ஆயா வளர்த்த கோழிகள் எல்லாம் உள்ளேதான் தூங்கின. பொழுது சாயும்போது யாரும் கூப்பிட வேண்டாம், வாசற்படி தாண்டித் தாமாகவே வந்து அடுப்பங்கரை மூலையில் ஒதுங்கும். ஆயா மூங்கில் கூடையைக் கவிழ்த்து, பூனை தள்ளாமல் இருக்க மேலே குழவிக்கல்லை வைப்பாள். வைப்பதற்கு முன் ஒவ்வொரு பெட்டையையும் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிச் சுண்டுவிரலால் பின்புறத்தைத் தடவிப் பார்ப்பாள். "இது நாளைக்கு, இது நாளன்னிக்கு" என்று அவள் சொன்னால் முட்டை அந்தந்த நாளில் வந்துவிடும். அடை வைக்கிற சட்டியில் மணலைக் கொட்டி ஒரு கரித்துண்டும் ஆணியும் போடுவாள், இடி இடித்தால் கரு கலங்காமல் இருக்கவாம். காலையில் கூடையைத் தூக்கினதும் கோழிகள் குப்பைமேட்டுக்கு ஓடும். ஆயா எச்சத்தின் மேல் அடுப்புச் சாம்பலைத் தூவி வாரிக் கொட்டிவிட்டு அந்த இடத்தைச் சாணம் போட்டு மெழுகுவாள். அதோடு சரி. சாயங்காலம் வரை ஒரு கோழிக்கும் வீட்டுக்குள் வேலை கிடையாது. பகலில் எதாவது எட்டிப் பார்த்தால் துடைப்பம்தான்.

நான் சொல்ல வந்த விஷயம் அந்தத் துடைப்பத்தில்தான் இருக்கிறது. ராத்திரிக்கு வீடு, பகலுக்கு மண். நீ ரோஸிக்கு வீட்டைக் கொடுத்திருக்கிறாய், மண்ணைக் கொடுக்கவில்லை. கோழி தன் மேல் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு புரள்வது விளையாட்டுக்காக இல்லை. அதன் குளியலே அதுதான், இறகுக்குள் இருக்கும் செள்ளு அதில்தான் உதிரும். மொசைக் தரையில் ரோஸி ஒரு பக்கமாகச் சாய்ந்து வெறுங்காலால் பறித்துக்கொண்டே இருக்கிறது என்று நீ சிரித்து எழுதியிருந்தாயே, அது மண் தேடுகிறது.

இங்கே வெள்ளைக்காரர்கள் கோழியை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாய். நம்ப மாட்டாய். முட்டைப் பண்ணையில் பதினெட்டு மாதம் ஆன கோழியைக் கழித்துவிடுவார்கள். அதை அறுக்க அனுப்பாமல் வாங்கி வீடுகளுக்குக் கொடுப்பதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது, பிரிட்டிஷ் ஹென் வெல்ஃபேர் டிரஸ்ட். ஜேன் ஹோவர்த் என்ற பெண்மணி 2005-ல் தொடங்கினார். இதுவரை 10 லட்சம் கோழிகளுக்கு மேல் வீடு பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இறகு கொட்டி மொட்டையாக வரும் கோழி குளிரில் நடுங்கக்கூடாது என்று பாட்டிகள் கம்பளி நூலில் சட்டை பின்னி அனுப்பியதும் உண்டு. எங்கள் தெருவில் தோட்டம் இருக்கிற வீடுகளில் அப்படி வந்த கோழிகளைப் பார்க்கலாம். சட்டை போட்ட கோழியை நான் நேரில் பார்க்கவில்லை, படத்தில்தான்.

அப்புறம் பறவைக் காய்ச்சல் வந்தது. 2021 நவம்பர் 29 முதல் கோழி, வாத்து எதையும் வெளியே விடக்கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. மறுபடியும் 2022 நவம்பர் 7 முதல் 2023 ஏப்ரல் 18 வரை இங்கிலாந்து முழுக்க அதே உத்தரவு. பண்ணைக்காரருக்குக் கொட்டகை இருக்கிறது. ரெண்டு கோழி வைத்திருக்கிறவர் என்ன செய்வார்? வலை கட்டினார்கள், தோட்டத்துக் கொட்டகையில் அடைத்தார்கள், சிலர் சமையலறை வரைக்கும் கொண்டுவந்தார்கள். இப்போது 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசிடம் பதிந்தாக வேண்டும். இன்னொன்றைக் கேட்டால் உன் ஆயா எழுந்து வந்து சிரிப்பாள்: வீட்டு அடுப்பங்கரையில் மிஞ்சிய சோற்றையோ காய்த்தோலையோ கோழிக்குப் போடுவது இங்கே குற்றம். இறைச்சி, பால் எதுவும் நுழையாத சமையலறையாக இருந்தால் மட்டும் விலக்கு. கோமாரி நோய் 2001-ல் நாட்டையே உலுக்கியபின் வந்த கெடுபிடி இது.

நீ அனுப்பச் சொன்ன டயப்பர் இங்கே கிடைக்கிறது. அமெரிக்காவில்தான் அதிகம், பூப்போட்டது, லேஸ் வைத்தது எல்லாம் விற்கிறார்கள். அனுப்பப் போவதில்லை. கோழிக்கு மூத்திரப்பை கிடையாது, எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரு நாளைக்குப் பல தடவை வரும், அதில் சிலது பெருங்குடல் முனைப் பைகளில் தங்கிப் புளித்து வருவது. உன் வீட்டுக்காரம்மா மூக்கைப் பொத்துகிறாரே, அது இந்தப் புளித்த சரக்குக்குத்தான். அதைப் பையில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நடக்கவிட்டால் தோல் வெந்துபோகும், இறகு கெடும், மண்குளியல் அடியோடு நின்றுபோகும். டயப்பர் நம் மெத்தைக்கு நல்லது, கோழிக்கு இல்லை.

எச்சத்தைப் பற்றிப் பேசும்போது நம் தோல் தொழில் ஞாபகம் வருகிறது. நான் குடியிருக்கும் இந்த ஊர் செருப்பு, பூட்ஸுக்குப் பேர்போனது. கால்பந்துக் குழுவைக்கூடச் செருப்பு தைக்கிறவர்கள் என்றுதான் அழைக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுக்கத் தோல் பதனிடுகிறவர்கள் கோழி எச்சத்தையும் புறா எச்சத்தையும் காசு கொடுத்து வாங்கினார்கள். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த தோல் விறைப்பாக இருக்கும். எச்சம் கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டால் இளகிக்கொடுக்கும். கையுறைக்கான மென்மையான தோல் என்றால் நாய்ப்பீ. ஓட்டோ ரோம் என்ற ஜெர்மானியர் 1907-ல் கூட்டாளியோடு கம்பெனி ஆரம்பித்து, கணையத்திலிருந்து எடுத்த நொதியை விற்க ஆரம்பித்த பிறகுதான் அந்த வாளிகள் தொழிலைவிட்டுப் போயின. வெள்ளைக் கையுறைத் தோலுக்குப் படிகாரம், உப்பு, மாவோடு முட்டை மஞ்சள் கருவையும் பிசைந்து தேய்த்தார்கள். கோழியின் முன்னாலும் பின்னாலும் நம் தொழில் பிழைத்திருக்கிறது.

இதோடு ஒரு எச்சரிக்கை. கோழிக்குப் போடு என்று யாராவது டேனரியிலிருந்து ஷேவிங் தூளோ சவ்வோ கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதே. டாக்காவில் ஹஜாரிபாக் என்ற இடத்தில், குரோம் போட்ட தோல் கழிவைக் காயவைத்து அரைத்துக் கோழித்தீனியில் கலந்தார்கள்; அந்தக் குரோமியம் கோழிக்கறியிலும் முட்டையிலும் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பாலாற்றுத் தண்ணீர் கெட்ட கதைக்காக உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வாங்கிய ஊர்க்காரர்கள் நாம். நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். நொய், கம்பு, கொஞ்சம் கீரை, உடைத்த முட்டை ஓடு, போதும்.

சத்தத்துக்கு வருகிறேன். சேவலின் மேல் போர்வை போட்டு மூடினால் கூவாது என்று உன் பக்கத்துவீட்டுக் காலா சொன்னாராம். கொஞ்சம் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தார் சேவல்களை இரவு பகல் தெரியாத மங்கல் வெளிச்சத்தில் அடைத்துப் பார்த்தார்கள். அப்போதும் விடிகிற நேரம் என்று அவற்றின் உடம்புக்குப் பட்ட நேரத்தில் கூவியிருக்கின்றன. 2013-ல் வந்த ஆய்வு. சேவலுக்கு அதன் கூவலால் காது அடைக்காதா என்றால், வாயை அகலத் திறந்ததும் காதுத்துளை மூடிக்கொள்கிறது என்று பெல்ஜியத்தில் கண்டிருக்கிறார்கள். வீட்டுக்காரம்மாவுக்கு அந்த வசதி இல்லை. பிரான்ஸில் ஒலெரோன் தீவில் மொரீஸ் என்ற சேவல் மேல் பக்கத்துவீட்டார் வழக்குப் போட்டு, 2019 செப்டம்பரில் சேவல் ஜெயித்தது. கிராமத்து ஓசையும் வாசனையும் காக்கப்பட வேண்டியவை என்று 2021 ஜனவரியில் சட்டமே போட்டார்கள். ஆனால் அது கிராமத்துக்கு. நீ இருக்கும் ஆம்பூர் ஏ-கஸ்பாவில் ஒரே சுவருக்கு ரெண்டு குடித்தனம், அதிலும் நைட் ஷிப்ட் முடித்துப் படுத்தவர் வேறு. இங்கேகூட 1950-ஆம் ஆண்டுச் சட்டம் வாடகைத் தோட்டத்தில் கோழி வளர்க்க இடம் கொடுக்கிறது, சேவலுக்குக் கொடுக்கவில்லை. என் கணக்கில் உன் வீட்டுக்காரம்மா பக்கம்தான் நியாயம்.

கோழியிடம் பாசம் வைப்பது பைத்தியக்காரத்தனம் என்று உன் அத்தை பேசினால் கண்டுகொள்ளாதே. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டையில் செத்த சேவலுக்கு ஊரார் நடுகல்லே நட்டிருக்கிறார்கள். முகையூர் மேற்சேரிக்காக மோதிய கோழி என்று எழுத்தும் வெட்டியிருக்கிறது, ஆயிரத்தைந்நூறு வருஷக் கல். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு வீரனின் நடுகல்லில் கோவிவன் என்ற நாய்க்கும் இடம் உண்டு. பேத்தி அழுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அவள் அழுதாலும் அதை ஒற்றையாக வைத்திருக்காதே. இங்கே பண்ணைக் கோழியைக் கொடுக்கிற அமைப்புகளும் ஒற்றைக் கோழியாகக் கொடுப்பதில்லை. கோழி கூட்டத்தில் கொத்துப்பட்டும் கொத்தியும் வாழ்கிற பிராணி. யார் மேல், யார் கீழ் என்று தெரிந்தால்தான் நிம்மதியாகத் தின்னும். உன் வீட்டில் அதற்குக் கொத்த உன் கால் மட்டும்தான் இருக்கிறது. பீரோ கண்ணாடியைக் கொத்துவதும் அதனால்தான்.

ஆலங்காயத்தில் பெரியம்மா வீட்டில் ஆறேழு பெட்டை இருக்கிறது, சேவல் நோவில் போய்விட்டது என்று அவளே போனில் சொன்னாள். அங்கே கொண்டுபோய் விடு. அறுக்க மாட்டேன் என்று பேத்தி முன்னால் சத்தியம் வாங்கிக்கொள், பெரியம்மா சத்தியம் தவற மாட்டாள். போவதற்கு முன் கால்நடை மருந்தகத்தில் வெள்ளைக்கழிச்சல் ஊசி போட்டுவிடு. எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு இறக்கையில் போடுவார்கள். மருந்து வேறெங்கிருந்தும் வர வேண்டாம், 1932-ல் தொடங்கிய ராணிப்பேட்டை நிலையத்திலேயே தயாரிக்கிறார்கள். இந்தக் கழிச்சலும், இங்கே நியூகாசில் நகரத்தில் 1926-ல் தெரிந்த நோயும், சீக்கிரமே குமாவுன் மலை ராணிக்கேத்தில் கண்டதும் எல்லாம் ஒன்றுதான். வந்தால் கூண்டோடு காலி. பிப்ரவரி மாதம் என்றால் ஊருக்கே வந்து முகாம் போட்டு இலவசமாகப் போடுவார்கள், அதுவரை காத்திருக்காதே.

அங்கே போனதும் நேராகக் கூட்டத்தில் விடாமல் ரெண்டு வாரம் தனிக்கூடையில் வைக்கச் சொல். அப்புறம் பெட்டைகள் அடங்கின பிறகு இருட்டில் உள்ளே விட வேண்டும். காலையில் கண் விழித்ததும் கொஞ்சம் ரகளை இருக்கும், ரெண்டு மூணு நாளில் ஓயும். ரத்தம் வந்தால் மஞ்சள் வைத்து மறைக்கச் சொல், சிவப்பைப் பார்த்தால் எல்லாம் சேர்ந்து கொத்தும்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்து கிளம்பு. அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு எடுத்துப்போ, மூடியைக் கயிறு கட்டு. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டால் கொடுத்துவிடு, சண்டை போடாதே.

அன்புடன்,
சித்தப்பா